சம்மதம் சொல்லாத வாடிக்கையாளர்

ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் கேட்பார்கள், மீன் வாங்க நிற்கும்போதும் கேட்பார்கள். எந்தக் கொம்பனியின் பைபர் இணைய இணைப்பு நல்லது, இருக்கிறதை விட்டுவிட்டு மற்றதுக்கு மாறலாமா என்று. நான் சொல்லும் மறுமொழி யாருக்கும் பிடிப்பதில்லை. உங்கள் ஒழுங்கை வாசலில் உள்ள தூணில் யாருடைய பெட்டி இருக்கிறது, அதில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், விளம்பரத்தைப் பிறகு பார்க்கலாம் என்பேன். இவ்வளவு காலம் தொலைபேசிக் கொம்பனியில் வேலை செய்த மனுஷிக்கு இதுதானா தெரியும் என்பது போல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்போது தீவுப்பகுதியில் மிச்சமிருக்கும் செப்புக் கம்பி இணைப்புகளையும் நிறுத்தப் போகிறார்களாம். வாடிக்கையாளர் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். செம்பிலிருந்து பைபருக்கு ஆட்களை மாற்றிய காலத்தில் நீங்கள் கண்டதை எழுதித் தாருங்கள், எங்களுக்கு உதவும் என்று கேட்டார்கள். உதவுமோ தெரியாது. எனக்கு நினைவில் நிற்பதை எழுதுகிறேன்.

எங்களுடையது ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பம். உயர்தரம் முடித்த கையோடு தொலைபேசி இயக்குநராக எடுபட்டேன். பயிற்சியில் படித்ததெல்லாம் காதுக்குரியது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் வயரைச் செருகி, ஒருவரை இன்னொருவரோடு சேர்த்துவிட வேண்டும். கொஞ்ச நாளில் இணைப்பு செத்த மௌனத்துக்கும் ஆள் மறுபக்கத்தில் இருந்துகொண்டு பேசாத மௌனத்துக்கும் வித்தியாசம் பிடிபட்டுவிடும். பிறகு சண்டை வந்து இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். பலகைகள் போய்விட்டன. நான் கட்டணம் செலுத்தும் கவுண்டருக்கு மாறினேன். இணையம் வந்ததும் முறைப்பாட்டு மேசைக்கு வந்தேன். கடைசியாக, மண்டைதீவுப் பாலத்தால் கண்ணாடி இழை தீவுக்குள் வந்தபோது என்னை இணைப்பு மாற்றப் பிரிவில் போட்டார்கள்.

அந்த மேசைக்கு இரண்டு வேலை. எங்கள் செப்பு இணைப்பிலிருந்து எங்கள் பைபருக்கு மாறுகிறவர்களின் அலுவலைப் பார்ப்பது ஒன்று. எங்களை விட்டு வேறு கொம்பனிக்குப் போகிறவர்களை அழைத்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு, முடிந்தால் நிறுத்தி வைப்பது மற்றது. இரண்டாவது வேலையைத்தான் மேலிடம் கவனித்தது. எத்தனை பேரை நிறுத்தி வைத்தோம் என்று மாதக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்பார்கள்.

எங்கள் முகாமையாளர் கணேசலிங்கம் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருவார். காற்றுக்குக் கண் சிவந்திருக்கும். வந்ததும் ஹெல்மெட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல்நாள் முடிந்துவிட்டதாகக் குறித்த முறைப்பாடுகளைப் பார்ப்பார். முடியாததைப் பற்றி அவர் அதிகம் கேட்பதில்லை. முடிந்ததைப் பற்றித்தான் கேட்பார். "ஆர் போய்ப் பார்த்தது?" என்பார். தொலைபேசியில் கதைத்துத் தீர்த்துவிட்டோம் என்றால் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். மறுமொழி அவருக்குப் போதவில்லை என்பது அந்த இருப்பிலேயே தெரிந்துவிடும். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு தடவை ஏச்சு வாங்கிவிட்டு இருந்துவிடலாம். அவருடைய மௌனத்துக்கு எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழி இல்லை.

அவருடைய பழக்கம் வீண் போகவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாரந்தனையில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர், செம்பிலிருந்து பைபருக்கு மாறினார். மாறிய பிறகு முந்தியதைவிட மோசம் என்று ஒவ்வொரு கிழமையும் முறைப்பாடு. எங்கள் பக்கத்திலிருந்து சோதித்தால் வேகம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியது. வேறு கொம்பனிக்குப் போகிறேன் என்று கடிதம் தந்துவிட்டார். சேர் என்னையும் தொழில்நுட்பவியலாளர் அமலனையும் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சுவரில் ரவுட்டரைக் காணவில்லை. வயர் மட்டும் ஒரு இரும்பு அலுமாரிக்குள் போகிறது. பேரப்பிள்ளைகள் தட்டிவிடுவார்கள் என்று, விலையான சாமான் என்று, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் வைத்திருந்தார். அமலன் திறப்பை வாங்கி ரவுட்டரை வெளியே எடுத்து அலுமாரியின் மேலே வைத்தான். அதிபர் கைத்தொலைபேசியைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்றார். கடிதத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்டவைதான் அதிகம். ரவுட்டரை மூலையில் வைப்பது, அயல்வீட்டாரோடு சேர்ந்து பாவிப்பது, நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வந்து, எங்களுக்கு எப்போது இழை வரும் என்று படகு நேரத்தையும் பார்த்துக்கொண்டே கேட்பது. நான் எழுத வந்தது வேறொரு வாடிக்கையாளரைப் பற்றி.

சரவணையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இணைப்பை நிறுத்தவும், வேறு கொம்பனிக்கு மாறுகிறேன் என்று சுருக்கமாக எழுதி, துஷாந்தி என்று கையெழுத்து. கடிதம் வந்தால் நான் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். அந்த நேரம் அலுவலகத் தொலைபேசியில் ஒருவர் கட்டணப் பிரச்சினை கதைத்துக்கொண்டிருந்தார். முடிகிற பாடாயில்லை. நான் என் சொந்தக் கைத்தொலைபேசியை எடுத்து, கடிதத்தில் இருந்த இலக்கத்தை அழைத்தேன்.

எடுத்தார்கள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. ஹலோ என்றேன். மறுமொழி இல்லை. எங்கேயோ கோழிகளை விரட்டும் ஒரு பெண்குரல் தூரத்தில் கேட்டது. இணைப்பு சரி, அறையில் ஆளும் இருக்கிறது. மறுபடியும் ஹலோ என்றேன். துண்டிக்கப்பட்டது. மரியாதை தெரியாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்து வைக்கப்போனேன். அதற்குள் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"நான் காது கேளாதவர். தயவுசெய்து எழுதி அனுப்பவும். துஷாந்தி."

கணினியில் அவளுடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். எங்களை விட்டுப் போகிறேன் என்று எழுதுவதற்கு முன்பு அவள் எங்களிடமே பைபருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொன்றும் ரத்தாகியிருந்தது. காரணம் எங்கள் நடைமுறை. விண்ணப்பம் வந்ததும் அருகிலுள்ள தூணில் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால், தலைமையகத்திலிருந்து வாடிக்கையாளரை அழைத்து ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுவார்கள். வாடிக்கையாளர் தன் பெயரைச் சொல்லி, "ஓம், சம்மதம்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் குரல் பதிவாகும். பதிவு இல்லாவிட்டால் வேலை உத்தரவு வெளியே வராது. துஷாந்தியின் கணக்கில், தலைமையகத்தில் அழைக்கும் ஒரு பிள்ளை, வாடிக்கையாளர் எடுத்தார், பேசவில்லை என்று குறித்திருந்தது. இன்னொரு பிள்ளை, விருப்பமில்லை என்று குறித்துவிட்டது.

சேரிடம் கொண்டுபோனேன். முழுவதையும் கேட்டார். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"நீர் போய்ப் பாரும், றெஜினா" என்றார். "அமலனையும் கூட்டிக்கொண்டு போம்."

சரவணையில் அவர்கள் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது. தகப்பன் தோட்டம் செய்தவர், காலமாகிவிட்டார். தாய் இராசமலர் முற்றத்தில் பனங்கிழங்கைக் கீறி ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கோழி விரட்டிய குரல் அவருடையது. எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். நான் இருந்து, எப்போதிலிருந்து பிரச்சினை, என்ன தேவை என்று கேட்கத் தொடங்கினேன். அவரும் சொல்லத் தொடங்கினார்.

"அவளுக்கு என்னத்துக்கு மிஸ் பெரிய லைன்? பிரான்சிலை இருக்கிற மகனோடை நான் கதைக்கிறதுக்கு இந்த லைன் நல்லாக் காணும். இவள் சும்மா அடம்பிடிக்கிறாள்."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பதுக்கு உட்பட்ட வயது. கழுத்தில் தையல் அளவு நாடா தொங்கியது. எனக்கும் தாய்க்கும் நடுவில் கையை நீட்டி மறித்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஒரு கொப்பியையும் பேனாவையும் என் மடியில் வைத்தாள். கணக்கு அவளுடையது, கேள்வியை அவளிடம் கேட்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். நான் தாய்க்கு முதுகு காட்டாதபடி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதிக் கேட்டேன். அவள் எழுதிய தமிழில் அங்கங்கே உருபுகள் விடுபட்டிருந்தன. கருத்தில் எதுவும் விடுபடவில்லை.

அவள் சொன்னது இது. கொழும்பில் ஒரு அமைப்பு இருக்கிறது. காது கேளாத சின்னப் பிள்ளைகளின் தாய்மாருக்கு வீடியோ மூலம் சைகை மொழி படிப்பிக்கிறார்கள். தமிழ்த் தாய்மாருக்குப் படிப்பிக்க, காது கேளாத ஒருவரையே தேடுகிறார்கள். மாதச் சம்பளம். அவளுக்கு ஒரு பரீட்சார்த்த வகுப்புத் தந்தார்கள். அதில் தேறவில்லை.

தன் கைத்தொலைபேசியில் அந்த வகுப்பின் பதிவைக் காட்டினாள். முகம் நன்றாகத் தெரிந்தது. கை அசையாமல் இருக்கும்போது விரலில் இருந்த மோதிரம்கூடத் தெரிந்தது. கை அசையத் தொடங்கியதும் மணிக்கட்டுக்கு அப்பால் எல்லாம் கலங்கிவிட்டது. விரல்கள் ஒன்றோடொன்று கரைந்து, கை நின்ற பிறகுதான் திரும்ப விரலாக வந்தன. மறுபக்கத்தில் இருந்த தாய்மார் முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். கொஞ்சத்தில் ஒவ்வொருவராக வேறு எங்கோ பார்க்கத் தொடங்கினார்கள்.

அமலன் இணைப்பை அளந்தான். "அக்கா, இறங்கிறது பரவாயில்லை. ஏறுறதுதான் ஒண்டுமில்லை" என்றான்.

இதை இப்போது வேலையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விளம்பரத்தில் நாங்கள் பெரிதாகப் போடும் வேகம் வீட்டுக்குள் இறங்கும் வேகம். படம் பார்ப்பதற்கு அது போதும். வீட்டிலிருந்து வெளியே ஏறும் வேகம் பழைய செப்பு இணைப்பில் மிகக் குறைவு. குரல் ஏறுவதற்கு அந்தக் கொஞ்சம் காணும். ஒரு சொல் அரைகுறையாகப் போனாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். துஷாந்திக்குச் சொல் என்பதே அசைவு. அசைவுதான் அந்த இணைப்பில் முதலில் கெடும். கைத்தொலைபேசி டேட்டாவில் முயன்றாயா என்று கேட்டேன். காலையில் பரவாயில்லை, வகுப்பு நடக்கும் பின்னேரத்தில் எல்லாரும் பாவிப்பதால் விழுந்துவிடும் என்று எழுதினாள்.

அமைப்பு இன்னொரு பரீட்சார்த்த வகுப்புக்குச் சம்மதித்திருந்தது. அடுத்த கிழமை தொடக்கத்தில். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அழைத்தபோது ஏன் எடுத்தாய் என்றும் கேட்டேன். எடுக்காவிட்டால் அழைப்பவர்கள் திரும்பத் திரும்ப அழைப்பார்கள், எடுத்துத் துண்டித்துவிட்டு அந்த இலக்கத்துக்கே செய்தி அனுப்புவேன் என்றாள். எங்கள் தலைமையகத்துக்கும் ஒவ்வொரு முறையும் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் அழைப்பது நிலையான தொலைபேசியிலிருந்து. அதற்குச் செய்தி போய்ச் சேராது. அவள் மறுமொழிக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் கைத்தொலைபேசியில் அழைத்திருக்காவிட்டால் எனக்கும் வந்திருக்காது.

ஒழுங்கை வாசலில் இருந்த எங்கள் தூணில் அமலன் ஏறிப் பார்த்தான். பெட்டியில் இடம் இருந்தது. வயர் இழுத்தால் அன்றைக்கே முடிகிற வேலை. ஒரு குரல்தான் இல்லை.

அலுவலகத்துக்கு வந்து சொன்னதும் சேர் தலைமையகத்தை அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தார். மறுமுனையில் இருந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் கதைத்தார். குரல்பதிவு இல்லாமல் ஒப்பந்தம் இல்லை, அது வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்றார். கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம் என்று சேர் சொன்னார். கையெழுத்தைச் சேர்க்கக் கணினியில் இடமில்லை என்றார் அவர். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கணக்கைத் தாயின் பெயருக்கு மாற்றிவிட்டால் தாய் சம்மதம் சொல்லலாம், பெயர் மாற்றத்தைத் தானே விரைவாகச் செய்து தருவதாகச் சொன்னார்.

சேர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கணக்கு அவவின்ரை. காசு கட்டுறதும் அவ. அவவிட்டைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்று வைத்தார்.

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. இரண்டாம் தரம் சரவணைக்குப் போகும்போது அலுவல் முடிந்தது என்ற நினைப்போடுதான் ஸ்கூட்டியில் ஏறினேன். இராசமலருக்கும் சந்தோஷம். இது முதலே செய்திருக்க வேண்டியது என்றார். துஷாந்திக்கு எழுதிக் காட்டினேன். வாசித்தாள். பேனாவை வாங்கி மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

"அப்பா செத்த பிறகு என் பெயர் மாற்ற எத்தனை தடவை ஆபீஸ் வந்தேன். எல்லாரும் அம்மா எங்கே என்று கேட்டது. நான் தைத்த காசு கட்டுகிறேன். அம்மா பெயர் வேண்டாம்."

"ஆற்றை பேரிலை இருந்தால் என்ன? லைன் வந்தாச் சரிதானே" என்றார் தாய். அதை மகளுக்குச் சொல்வதற்கு அவரிடம் சைகை இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வீட்டில் தாயும் மகளும் கதைப்பதை அன்றுதான் கவனித்தேன். சாப்பிடு, வா, கதவைப் பூட்டு, காசு என்ற அளவில் சில கைக்காட்டல்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் கொப்பி. தாய் எழுதுவதில் அவ்வளவு கெட்டியில்லை. ஆகவே அதற்கு மேல் அதிகம் இல்லை.

துஷாந்தி கொப்பியைத் திரும்ப வாங்கி ஒரு வரி எழுதினாள். "வகுப்பு முன் உங்கள் கொம்பனி தருமா? உண்மை எழுதவும்."

என் மேசை போகிறவர்களை நிறுத்தி வைக்கும் மேசை. முயற்சி செய்கிறோம், மேலிடத்தில் கதைத்திருக்கிறோம், ஒரு கிழமை பொறுங்கள் என்றெல்லாம் எழுத எனக்குத் தெரியும். வாயால் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குரலில் சொல்லும்போது அது கொஞ்சம் கரைந்து போய்விடும், யாரும் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கொப்பியில் அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுத எனக்குக் கை வரவில்லை.

"தராது" என்று எழுதினேன்.

மற்றக் கொம்பனி எப்படி என்று கேட்டேன். அவர்களுடைய ஆள் வீட்டுக்கே வந்து, ஒரு பலகைக் கணினியில் விரலால் கையெழுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறான். குரல் கேட்கவில்லை. அவர்களுடைய தூணும் பக்கத்தில்தான். அப்படியென்றால் அவர்களிடம் போ என்று எழுதினேன். ஒரு விஷயத்தையும் சேர்த்து எழுதினேன். பலர் செய்யும் பிழை, புதியது வருவதற்கு முன்பே பழையதை நிறுத்திவிடுவது. பிறகு புதியது பிந்தினால் இரண்டும் இல்லாமல் இருப்பார்கள். புதிய ரவுட்டரில் பச்சை விளக்கு நிலையாக எரிந்து, வீடியோவில் கையை அசைத்துப் பார்த்து, திருப்தி என்று எனக்குச் செய்தி அனுப்பும் வரை உன் நிறுத்தற் கடிதத்தை நான் கணினியில் ஏற்ற மாட்டேன் என்றேன்.

அவள் வாசித்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பலாமா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் எனக்குப் பயம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. எங்கள் தூணில் இடம் இருக்க, எங்கள் வாடிக்கையாளரை நானே மற்றக் கொம்பனிக்குப் போ என்று அனுப்பியிருக்கிறேன். மாதக் கூட்டத்தில் அதை இழந்த இணைப்பு என்று வாசிப்பார்கள்.

சேர் பின்னேரம் புறப்பட ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். நின்றபடியே கேட்டார். பெயர் மாற்றத்துக்குச் சம்மதமா என்றார். இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"பிறகு நீர் என்ன சொன்னனீர்?"

"வகுப்புக்கு முன்னம் எங்களாலை ஏலாது எண்டு எழுதிக் குடுத்தனான் சேர். மற்றவையிட்டைப் போகச் சொன்னனான்."

வழக்கமான அந்த மௌனம் வந்தது. நான் அதற்குள் நின்றேன். ஹெல்மெட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"ஏலாததை ஏலாதெண்டு சொன்னதிலை பிழையில்லை" என்றார். "எங்களுக்கு ஏன் ஏலாமல் போனது எண்டதைத் தலைமையகத்துக்கு நான் எழுதுறன். நீர் அவவின்ரை விண்ணப்பங்கள் எல்லாத்தையும் எடுத்துத் தாரும்."

அன்று அவர் வீட்டுக்குப் பிந்தித்தான் போனார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு மறுமொழி அனுப்பினார், ஒரு தடவையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, நாங்கள் அதை விருப்பமில்லை என்று குறித்தோம் என்று இருந்தது. மறுமொழி வரவில்லை. திரும்ப எழுதினார். அதற்கும் வரவில்லை. மாதக் கூட்டத்தில் சரவணை இணைப்பு இழந்தவற்றில் வாசிக்கப்பட்டபோது, அது தன்னுடைய முடிவு என்று சேர் சொன்னார். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில், விரும்புகிறவர்கள் குறுஞ்செய்தி மூலம் சம்மதம் அனுப்பலாம் என்று நடைமுறை மாறியது. மாறியபோது அவர் வேறு பிராந்தியத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்தச் சுற்றறிக்கையை நான்தான் அவருக்கு அனுப்பிவைத்தேன். நல்லது என்று மட்டும் மறுமொழி வந்தது.

துஷாந்தியின் செய்தி வகுப்புக்கு முதல்நாள் வந்தது. புது ரவுட்டரின் படம், பச்சை விளக்கு. கீழே, "கை தெளிவு" என்று இருந்தது. நான் கடிதத்தைக் கணினியில் ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில் "எங்களால் கொடுக்க முடியவில்லை" என்று போட்டேன். அப்படி ஒரு தெரிவு பட்டியலில் இருக்கவில்லை. "ஏனையவை" என்பதைத் தெரிவுசெய்துவிட்டு எழுதினேன்.

இணைப்பு நின்றால் எங்களுடைய ரவுட்டரைத் திருப்பி எடுக்க வேண்டும். வழக்கமாக அமலன்தான் போவான். சில கிழமை கழித்து நானும் கூடப் போனேன். துஷாந்திக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. செய்தி அனுப்பிக் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் அதை எழுத்தில் வாசிக்க விருப்பமில்லாமல் இருந்தேன்.

நாங்கள் போனது பின்னேரம். இராசமலர் படலையில் நின்று, உள்ளே படிப்பு நடக்குது என்று சொன்னார். சத்தம் போடாமல் வரச் சொல்லி வாயில் விரலை வைத்தார். பிறகு தானே அதை நினைத்துச் சிரித்தார்.

விறாந்தையின் யன்னலால் உள்ளே தெரிந்தது. தையல் மெஷினை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நீலத்துணி ஒன்றைச் சுவரில் கட்டி, அதற்கு முன்னால் துஷாந்தி இருந்தாள். எதிரே மேசையில் லப்டொப். திரையில் சதுரம் சதுரமாகத் தாய்மார். ஒருத்தி மன்னார், ஒருத்தி மட்டக்களப்பு என்று இராசமலர் என் காதில் சொன்னார். எல்லாரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னார்த் தாயின் மடியில் ஒரு பிள்ளை, நடக்கத் தொடங்கிய வயது, காதுக்குப் பின்னால் கருவி. தாய்க்குப் படிப்பிக்கும் நேரம் அந்தப் பிள்ளை வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

துஷாந்தி ஒரு சைகையைச் செய்தாள். இன்னும் வேணும் என்பதற்கு உரியது என்று இராசமலர் சொன்னார். அது எப்படி என்று நான் இங்கே எழுதவில்லை, பிழையாக எழுதிவிடுவேன். திரும்பவும் செய்தாள். தாய்மார் செய்து பார்த்தார்கள். மன்னார்த் தாய்க்குச் சரியாக வரவில்லை. துஷாந்தி கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோய், விரலை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த நேரம் மடியில் இருந்த பிள்ளை பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதைச் செய்தது. செய்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதை வாயில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மற்றச் சதுரங்களில் இருந்த பெண்கள் கையை உயர்த்தி அசைத்தார்கள். சைகையில் கைதட்டுவது அப்படித்தானாம்.

அமலன் ரவுட்டரை எடுத்துப் பையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டான். இராசமலர் குசினிக் கதவில் சாய்ந்து நின்றார். கை சேலையின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை, யாரும் காணாத மாதிரி, துஷாந்தி செய்வதைச் செய்துகொண்டிருந்தது.

நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இவள் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை, கையைக் காட்ட விடாதேங்கோ, விட்டால் வாய் வராது எண்டு சொன்னவை மிஸ். அப்பிடித்தான் எல்லாரும் சொன்னவை. நானும் கையைப் பிடிச்சு வைச்சிருந்தனான்."

வகுப்பு முடிந்தது. திரை இருண்டது. துஷாந்தி எழும்பித் திரும்பியவள் எங்கள் இருவரையும் கண்டாள். எனக்குத் தலையசைத்தாள். இராசமலர் கதவை விட்டு வந்து, மகளுக்கு முன்னால் இருந்த கதிரையில், தாய்மார் இருப்பதுபோல் நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையையும் தூக்கி, பிழையாக, அந்தச் சைகையைச் செய்தார்.

துஷாந்தி கிட்ட வந்து குனிந்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சரியாக மடித்துவிட்டாள்.